அரிசி மூட்டையும் ஜெபக்கூட்டமும்: வீட்டு சபைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் பெரும்பாக்கம், கண்ணகி நகர் மாதிரியான மறுகுடியமர்வு இடங்களில் வீட்டு சபை, அதாவது ஒரு வீட்டிலேயே கூடி ஆராதிக்கும் சின்ன கிறிஸ்தவ சபை, தொடங்குவது ரொம்பக் கஷ்டமில்லை. கூவம், அடையாறு ஓரங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் அங்கே நிறைய. பழைய கோயில், பழைய சர்ச், சொந்தபந்தம் எல்லாம் எங்கேயோ தள்ளிப் போய்விட்டன. யாராவது வீட்டுக்கு வந்து பிள்ளைகள் பெயரைச் சொல்லி ஜெபித்தால் மனசு இளகத்தான் செய்யும். ஒரு ஹாலும் இரண்டு பாயும் பாட்டுப் புத்தகமும் போதும். கூடவே மளிகைப் பொருட்களும் கொடுக்க ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல். இரண்டு வேலையிலும் கூடமாட நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். இதில் பாதி நாங்களே செய்த தவறுகள்.

முதல் தவறு, ஆராதனை முடிந்த கையோடு அரிசி கொடுப்பது. "ஞாயிறன்று எப்படியும் வருவாங்க, அப்பவே கொடுத்துடலாம்" என்று வசதிக்காகத்தான் ஆரம்பித்தோம். சில வாரங்களிலேயே கூட்டம் ஹாலைத் தாண்டி மாடிப்படி வரை வந்தது. பாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். அரிசிப் பை தீர்ந்த மாதம் பழையபடி ஏழெட்டுப் பேர். அதுகூடப் பரவாயில்லை. கணவனின் குடியைச் சொல்லி அழ வந்த ஒரு அக்காவைப் பார்த்து, பக்கத்து வீட்டில் "எவ்ளோ கிலோ குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டார்கள். அந்த அக்கா அரிசியே வாங்காதவர். அதற்கப்புறம் அவர் வரவில்லை.

இது புதுப் பிரச்சினை இல்லை. 1876-78 பஞ்சத்தின்போது, அன்றைய சென்னை மாகாணத்தின் ஓங்கோலில் (இன்றைய ஆந்திரா) ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். பக்கிங்காம் கால்வாயில் சில மைல் நீளத்தை வெட்டும் ஒப்பந்தத்தை அவரே எடுத்து, பசியோடு வந்தவர்களுக்கு மண் வெட்டும் வேலையும் கூலியும் கொடுத்தார். அவருடைய ஊழியர்கள் வேலை நடந்த இடத்திலேயே பிரசங்கமும் செய்தார்கள். ஆனால் பஞ்ச நிவாரணம் நடந்த காலம் முழுக்க யாருக்கும் ஞானஸ்நானம் இல்லை என்று நிறுத்திவைத்தார். நிவாரணம் ஓய்ந்த பிறகு, 1878 ஜூலையில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள். அந்த எண்ணிக்கையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் விட்ட இடைவெளி. அதே கால்வாய்தான் இன்று ஓ.எம்.ஆரை ஒட்டி, நம் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் சாக்கடையாக ஓடுகிறது.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? பொருள் கொடுக்கும் நாள் வேறு, இடம் வேறு, ஆள் வேறு என்று பிரித்துவிடுங்கள். பெயர்ப்பட்டியல் பாஸ்டர் கையில் இருக்கவே கூடாது. அவர் எவ்வளவு நல்லவரானாலும், பட்டியலை வைத்திருப்பவர் முன்னால் யாரும் "எனக்கு இந்தக் கூட்டம் பிடிக்கலை" என்று சொல்லத் துணிய மாட்டார்கள். பைபிளில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசிய யூத விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடுபட்டதாக முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் பந்தி விசாரணையை ஏழு பேரிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்திடமே கரண்டியைக் கொடுத்திருக்கிறார்கள்! நம் பிளாக்கில் அது மகளிர் குழு அக்காக்கள். அவர்களில் பாதிப் பேர் சபைக்கே வராதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, அந்த அரிசியே தேவையா? தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். இருப்பதன் மேலேயே இன்னொரு மூட்டையை இறக்கினால் அது மாவுக் கடைக்குத்தான் போகும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாதக் கடைசியில் இல்லாமல் போவது பால், முட்டை, காய்கறி, சுகர் மாத்திரை, கேஸ் சிலிண்டருக்கான காசு. அட்டையே இல்லாத வாடகைக் குடும்பங்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் தனி. வாங்கும் முன் நான்கு வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள். எட்டாவது மாடிப் பாட்டிக்கு லிஃப்ட் ஓடாத நாளில் 25 கிலோ மூட்டை உதவியா தண்டனையா என்று அவரிடமே கேட்கலாம். நேரமும் அப்படித்தான். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே பஸ் ஏறிவிடுகிறார்கள். காலை 11 மணிக்கு டோக்கன் கொடுத்தால் அவர்கள் கைக்கு எதுவும் வராது.

புகைப்பட விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 2015 வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலங்களில் ஸ்டிக்கர் ஒட்டியதைக் கேலி செய்த நாமே, பையைப் பிடித்தபடி சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறோம். அதை "இரட்சிக்கப்பட்ட குடும்பங்கள்" என்று போட்டு காணிக்கை கொடுத்தவர்களுக்கு அனுப்புகிறோம். படத்தில் இருப்பவர் ஞானஸ்நானமே எடுக்காதவராக இருக்கலாம். பட்டியல் சாதிகள் பற்றிய 1950 குடியரசுத் தலைவர் ஆணை, பிறகு வந்த திருத்தங்களின்படி, பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கியர், பௌத்தருக்கு மட்டுமே. கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு வரி, அந்த வீட்டுப் பெண்ணின் சாதிச் சான்றிதழில் போய் நிற்கலாம். மதம் மாறுவதும் மாறாததும் அவர்கள் முடிவு. அதை அறிவிக்கும் உரிமையும் அவர்களுடையதே. ஆசை காட்டி மாற்றுகிறார்கள் என்று இங்கே 2002-ல் ஒரு சட்டமே வந்து, பிறகு திரும்பப் பெறப்பட்டது. இந்தப் படங்கள் அந்தக் குற்றச்சாட்டுக்கு நாமே எடுத்துக் கொடுக்கும் சாட்சி.

வெளிநாட்டு நண்பர் அனுப்பும் பணத்தை ஊழியத்துக்கென்று பாஸ்டரின் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற அமைப்பு வாங்கி உங்களுக்குக் கைமாற்றவும் முடியாது. உள்ளூர்க் காணிக்கையில் முடிகிற அளவுக்குச் செய்தால் போதும்.

மைக் வேண்டாம். பன்னிரண்டு பேருக்கு எதற்கு மைக்? சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிஃப்ட் முடித்தவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

கடைசியாக ஒன்று, சொல்லாமல் நிறுத்துவது. ஒருமுறை காசு தீர்ந்ததும் நாங்கள் வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை ஒரு ஆயா, மடித்த துணிப்பையோடு வந்து பூட்டிய கதவுக்கு வெளியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம், எதிர்வீட்டார் சொல்லித்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் எத்தனை மாதம் கொடுக்க முடியும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு, கடைசி மாதத்தின் பெயரை டோக்கனிலேயே அச்சடித்துவிடுகிறோம்.