இணைய வழங்கிக்குப் பேட்ச் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலைப்பக்கங்களை அனுப்பும் இணைய வழங்கி மென்பொருளில் பாதுகாப்புக் குறை ஒன்று அறிவிக்கப்பட்டதும், பேட்ச் எனப்படும் திருத்தம் அடங்கிய புதிய பதிப்பை நிறுவிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவதே நிர்வாகிகள் அதிகம் செய்யும் தவறு. வட்டில் கோப்பு மாறியிருக்கும். ஓட்டையோ நினைவகத்தில் அப்படியே இருக்கும்.

2014 ஏப்ரலில் அம்பலமான ஹார்ட்பிளீட் குறையில் இது நன்றாகவே தெரிந்தது. இணையத் தொடர்பை மறையாக்கப் பிற நிரல்கள் பயன்படுத்தும் லைப்ரரியான (பொது நிரல்தொகுப்பு) ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில், வெளியாள் ஒருவர் ஒவ்வொரு கோரிக்கையிலும் வழங்கியின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை உருவிக்கொள்ள முடிந்தது. லைப்ரரியைப் புதுப்பித்தாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வழங்கி பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அது திறந்து வைத்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்தால், பழைய லைப்ரரியின் பெயருக்கு அருகில் ‘நீக்கப்பட்டது’ என்ற குறிப்பு நிற்கும். எஞ்சின்எக்ஸ் என்ற வழங்கியில், அமைப்புக் கோப்பை மட்டும் மீண்டும் படிக்க வைக்கும் ரீலோட் செய்வதும் போதாது. தலைமைச் செயல்முறை சாகாமல் தொடர்வதால், முழுமையாக நிறுத்தித்தான் மீண்டும் தொடங்க வேண்டும். இதைச் சரியாகச் செய்தவர்களிலும் சிலர், கசிந்திருக்கக்கூடிய அதே தனித்திறவுகோலுக்கே (வழங்கியின் ரகசிய மறையாக்கச் சாவி), தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் புதிய சான்றிதழ் வாங்கினார்கள். சாவி திருடன் கையில் இருக்கும்போது பூட்டுக்குப் புதுச் சாயம் அடிப்பதைப் போன்றது அது.

பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது அடுத்த தவறு. லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 7, ஹார்ட்பிளீட் திருத்தத்தை 1.0.1இ பதிப்பிலேயே சேர்த்து வெளியிட்டது. எண்ணைப் பார்த்தவர்கள் வீணாகப் பதறினார்கள். பேக்கேஜின் மாற்றக் குறிப்பைப் படிப்பதே வழி. மாறாக, மூலநிரலிலிருந்து தாமே கம்பைல் செய்து வைத்த வழங்கியை டெபியனின் எந்தப் புதுப்பிப்பும் தொடாது.

முதல் பேட்சை நம்பி உட்கார்ந்துவிடவும் கூடாது. அப்பாச்சி என்ற வழங்கியின் 2.4.49 பதிப்பில், புள்ளிகளைக் குறியீடாக மாற்றி எழுதிய முகவரியின் வழியே வலைத்தள அடைவுக்கு வெளியே இருக்கும் கோப்புகளை எட்ட முடிந்தது. 2021 அக்டோபர் 4 அன்று 2.4.50 வந்தது, அதே குறியீட்டை இருமுறை மாற்றி எழுதினால் அதையும் தாண்டலாம் என்று தெரிந்து, மூன்றே நாளில் 2.4.51 வெளியானது. மூல அடைவுக்கான (எல்லாக் கோப்புகளுக்கும் மேலே உள்ள அடைவு) அணுகலை முழுவதுமாக மறுக்கும், அமைப்புக் கோப்பில் உள்ள இயல்பான அமைப்பைக் கைவைக்காமல் விட்டிருந்தவர்களுக்கு அந்த வாரம் அவ்வளவு கவலை இருந்திருக்காது. ஆகவே, பேட்ச் வரும்வரை தாங்க வல்லது அமைப்புக் கோப்புதான் என்பது என் கருத்து. வழங்கி அனுப்பும் பதிலின் தலைப்பிலிருந்து பதிப்பு எண்ணை மறைப்பதைப் பலர் பாதுகாப்பு என்கிறார்கள். தாக்கும் நிரல்கள் எண்ணைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

எந்தெந்த வழங்கிகள் நம்மிடம் ஓடுகின்றன என்ற பட்டியல் இல்லாமல் பேட்ச் போடத் தொடங்குவதுதான் இவற்றில் பெரிய தவறு. 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற வலைச்செயலிக் கட்டமைப்புக்குத் திருத்தம் வந்தபோது, அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் எச்சரிக்கை உள்ளுக்குள் அனுப்பப்பட்டது, ஸ்கேனும் நடந்தது. பாதிக்கப்பட்ட அமைப்பு மட்டும் அந்த ஸ்கேனில் அகப்படவில்லை. மே மாதம் அதன் வழியே நுழைந்தவர்கள் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்களை எடுத்துச் சென்றதை, நிறுவனம் ஜூலை 29 அன்றுதான் கண்டுபிடித்தது.