900 பாகைக்குக் கீழே வெந்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்

வந்தாறுமூலைப் பக்கம், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், மைக்ரோவேவ் செரமிக்கில் (ரேடியோ அலைச் சுற்றுகளுக்கான செரமிக்) ப்ரொஜெக்ட் செய்கிற தம்பிமார் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, பவுடர் 875 பாகையிலேயே இறுகிவிட்டது, இனி வேலை முடிந்ததுதானே?"

முடியவில்லை. வழக்கமான செரமிக்கான அலுமினா வேக, அதாவது தூள் இறுகிக் கட்டியாக, 1600 பாகை வேண்டும், வெள்ளியோ 961இல் உருகிவிடும். செரமிக்கையும் அதற்குள் அச்சிட்ட வெள்ளித் தடத்தையும் ஒரே சூளையில் ஒன்றாகச் சுடவேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம். அப்படியிருக்க, வெள்ளியைக் கண்ணிலேயே காட்டாமல் முடிவெழுதுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. பவுடரோடு 20 சதவீதம் வெள்ளித்தூள் கலந்து அதே சூட்டில் சுட்டு, எக்ஸ்-ரே டிஃப்ராக்ஷன் (எந்தப் பொருள் இருக்கிறதென்று கோடுகளாகக் காட்டும் சோதனை) எடுத்துப் பாருங்கள். இரண்டின் கோடுகளையும் தவிர மூன்றாவது ஒன்று முளைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்று புதிதாக ஒன்றாக மாறுகின்றன என்று அர்த்தம். தெலூரியம் ஒட்சைட்டு கலந்தவை குறைந்த சூட்டில் அழகாக வேகும், ஆனால் வெள்ளியோடு ஒத்துப்போவது கஷ்டம். செம்புக்கு மாறலாமே என்றால், 1085 வரை தாங்கும், சரி, காற்றில் சுட்டால் கறுத்துவிடும், நைதரசன் வேண்டும்.

அப்புறம் கண்ணாடி. வேகிற சூடு இறங்கவில்லை என்று, சீக்கிரம் உருகுகிற போரன் கண்ணாடியை அள்ளிப் போடுவது, குழம்பு உறைக்கிறதென்று தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டே போகிற மாதிரி. கடைசியில் மிஞ்சுவது சொதிதான். கண்ணாடி கூடக்கூட அலையின் சக்தி இழப்பும் கூடும், கியூ (இழப்பு குறையக் குறைய ஏறுகிற தர எண்) விழும். அந்தக் கியூவையும் மீடிறன் (அதிர்வெண்) சொல்லாமல் தனியே எழுதாதீர்கள், 5 கிகாஹேட்ஸில் வந்ததை 10இல் வந்ததோடு ஒப்பிட முடியாது. கியூ, மீடிறன் இரண்டின் பெருக்கத்தைப் போடுங்கள்.

பரிவு மீடிறன் (செரமிக் ஒத்ததிர்கிற மீடிறன்) சூட்டோடு நகர்வதைப் பலர் அளப்பதே இல்லை. மறைப் (மைனஸ்) பக்கம் நகர்ந்தால் தைத்தேனியம் ஈரொட்சைட்டைக் கொஞ்சம் சேர்க்கலாம், அதன் குணகம் பாகைக்கு ஏறத்தாழ +450 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 450 பங்கு). அது மற்றதோடு தாக்கமடையாமல் இருந்தால்தான் பலன்.

கடைசியாக நம் ஊர்க் காற்று. தயிர்ச்சட்டியின் வெளிப்பக்கம் ஏன் ஈரமாக இருக்கிறது? நுண்துளை. சரியாக இறுகாத செரமிக் வில்லையும் அதே சட்டிதான், காற்றின் ஈரத்தை இழுக்கும். தண்ணீரின் மின்கடவா மாறிலியோ (மின்புலத்துக்கு எவ்வளவு இணங்கும் என்ற அளவு) 80க்குக் கிட்ட. மார்கழி மழையில் மேசையிலேயே விட்ட வில்லை எனக்கு நாளுக்கொரு கியூ காட்டியது. 110 பாகையில் உலர்த்தி டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) வைத்த பிறகுதான் அடங்கியது. இன்னொரு முறை, 540 பாகையிலேயே வேகிற இலித்தியம் மொலிப்டேற்று வில்லையை அடர்த்தி பார்க்கத் தண்ணீரில் தொங்கவிட்டேன். தராசில் எண் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது, தராசுதான் பழுது என்று அரை மணித்தியாலம் அதோடு மல்லுக்கட்டினேன். அது தண்ணீரில் கரைகிற சாமான்.