பல்டிக்கு முன்னால் முதுகைப் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் வாரம் மூன்று நாள் விடிந்ததும் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித் தருகிறேன். முதல் நாளே எல்லாரும் கேட்பது, "மாஸ்டர், பல்டி எப்ப?" அந்த அவசரத்துக்குப் பயிற்சியாளர்களான நாமும் இழுபட்டு ஹாலோ, ஆர்ச் (குப்புறப் படுத்து நெஞ்சையும் காலையும் தூக்குவது), டக் (முழங்காலை நெஞ்சோடு மடக்குவது), பைக் (காலை நேராக நீட்டி இடுப்பில் மடிவது), ஸ்ட்ராடில் (காலை அகல விரிப்பது) என்ற அடிப்படை நிலைகளை ஒரே வாரத்தில் ஓட்டிவிடுகிறோம். அதுதான் பெரிய தவறு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகருக்கு வெண்கலம் கைநழுவியது வெறும் 0.15 புள்ளியில். முழங்கால் லேசாக மடங்கினாலே 0.1 வெட்டும் விளையாட்டு இது.

ஹாலோவில்தான் அதிகம் சொதப்புகிறோம். மல்லாந்து படுத்து, கீழ் முதுகைத் தரையோடு அழுத்தி, தோள்பட்டையையும் காலையும் கொஞ்சம் தூக்குவது, அவ்வளவுதான். ஆனால் நாம் "காலைத் தூக்கு" என்று ஆரம்பிக்கிறோம். வயிற்றில் இன்னும் பலம் வராத பிள்ளை ஒரு சாண் உயரத்தில் காலைப் பிடிக்கப் பார்க்கும், இடுப்புக்கு அடியில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழும், அப்படியே "முப்பது எண்ணு" என்றால் தப்பான நிலையைத்தான் அது 30 விநாடி பழகும். முதுகு எழுந்த நொடியே நிறுத்துங்கள். முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கி, கையைப் பக்கவாட்டில் வைத்து 5 விநாடி சரியாகப் பிடித்தால் போதும். அப்புறம் ஒரு கால், பிறகு இரண்டும். கையைக் காதோரம் நீட்டுவது கடைசி. கையை ஊன்றித் தலைகீழாக நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்டில் உடம்பு வில்லாக வளையும் பிள்ளையைத் திரும்பப் படுக்கவைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஹாலோவிலும் அதே வளைவு இருக்கும்.

நம் மலையில் இன்னொரு தடை ஸ்வெட்டர். புல்லில் உறைபனி கிடக்கும் ஜனவரியில் கழற்றச் சொல்ல மனசு வராது, ஆனால் தொளதொள ஸ்வெட்டருக்குள் முதுகு வளைவது கண்ணுக்கே தெரியாது. நான் 15 நிமிடம் ஓடவிட்டு, உடம்பு சூடானதும் கழற்றி, பனியனை உள்ளே செருகச் சொல்கிறேன். வரிசையில் காக்கவைக்காதீர்கள், உடம்பு ஆறிவிடும்.

பைக்கில் "விரலைத் தொடு" என்று சொன்னால் முழங்கால் மடங்கும், முதுகு கூனும். வயிறு தொடையை நோக்கி வரட்டும், கை எட்டும் இடம் எட்டட்டும். முதுகில் ஏறி அமுக்குவது கூடவே கூடாது. சின்ன வயதில் எனக்கு அப்படி அமுக்கிப் பின்தொடை பிடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் சரியாகக் குனிய முடியவில்லை.

ஸ்ட்ராடிலில் முழங்கால் சில்லு முன்பக்கம் சரியாமல் கூரையைப் பார்க்க வேண்டும். ஆர்ச்சில் கழுத்தை அண்ணாந்து தூக்கவிடாதீர்கள், கண் தரையிலேயே இருக்கட்டும். டக் எளிது, முழங்கால் விரியாமல் பார்த்தால் போதும்.

குதித்து இறங்குவதைப் பலரும் ஒரு நிலையாகவே நினைப்பதில்லை. நான் முதல் நாளே சொல்லித் தருகிறேன்: பாதம் இடுப்பளவு விலகி, முழங்கால் மடங்கி, கால்விரல் பார்க்கும் பக்கமே பார்த்து, கை முன்னால். சத்தமில்லாமல் இறங்கத் தெரியும்வரை உயரத்தை ஏற்றாதீர்கள். மழை மாதங்களில் பயிற்சி விரிப்பில் ஈரம் கோத்திருக்கும், பிள்ளைகள் ஏறும் முன் நீங்கள் கையால் தடவிப் பாருங்கள்.