அனல்ஜீசியா என்றால் மயக்கம் அல்ல

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் 'அனல்ஜீசியா' என்று இருந்தால் பலரும் மயக்க மருந்து என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கெடுதல் செய்யும் தவறு இது. கிரேக்கத்தில் 'அன்' இன்மையைக் குறிக்கும், 'ஆல்கோஸ்' என்றால் வலி. வலி மட்டும் இல்லாத நிலைதான் அனல்ஜீசியா. மயக்க மருந்தால் வரும் அனஸ்தீசியாவில் இல்லாமல் போவது உணர்வு. 1846இல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவை செய்து காட்டிய பிறகு, அந்த நிலைக்கு அனஸ்தீசியா என்ற பெயரை முன்மொழிந்தவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற மருத்துவர்.

பிரசவ வலிக்கு முதுகில் போடும் எபிடியூரல் ஊசி தருவது அனல்ஜீசியாதான். தாய் விழித்திருப்பார், பேசுவார், முக்கவும் முடியும். 'மயக்கிவிடுவார்கள்' என்று பயந்து வீட்டார் அதை மறுத்துவிட்டால், வலியைத் தாங்குவது அந்தப் பெண்தான். யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டாமா?

அநேகம் என்பதிலும் இதே 'அன்' இருக்கிறது: அன் + ஏகம், ஒன்றல்லாதது. அதை வைத்து, கிரேக்கர்கள் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வது தவறு. இரண்டும் ஒரே மூலமொழியின் கிளைகள். தசைவலியான மயால்ஜியாவில் இருப்பதும் அந்த ஆல்கோஸ்தான். நாஸ்டால்ஜியாவும் அப்படியே. 1688இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் அதை ஊர் ஏக்கத்தால் வரும் நோயின் பெயராகத்தான் உருவாக்கினார்.

அப்புறம், இந்தச் சொல் எப்போதும் நிம்மதியைக் குறிப்பதில்லை. பரிசோதனைக் குறிப்பில் ஓரிடத்தில் அனல்ஜீசியா என்று எழுதியிருந்தால், அங்கே வலி உணரும் திறன் போய்விட்டது என்று பொருள். தொழுநோயில் அப்படி ஆகும். நெடுநாள் சர்க்கரை நோயால் பாத நரம்புகள் கெட்டாலும் ஆகும். முள் குத்தியதே தெரியாமல் புண் உள்ளே புரையோடும். வலிக்காத புண்தானே என்று தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக மாத்திரை. வலி நிவாரணி வலியை அடக்கும், வலிக்கான காரணம் அப்படியே இருக்கலாம். பெயர் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே பாராசிட்டமாலாக இருக்கலாம், பல சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச வரம்பு 4 கிராம். 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். அதற்கு மேல் போனால் கல்லீரல் பாதிக்கும். கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு, மருத்துவரைக் கேட்டே போட வேண்டும். டெங்கு சந்தேகம் இருந்தால் இபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவு கூடும்.