‘ஒலிப்பதிவு மோசம்’ என்று எழுதும் முன்: மெட்டல் ஆல்பங்களைப் பற்றிக் கருத்து எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளாக் மெட்டல் என்ற இரைச்சல் மிகுந்த மெட்டல் இசை வகையைக் கேட்கத் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத ஒருவர், தாம் எழுதிய ஆல்பம் விமர்சனங்கள் நான்கைந்தை எனக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். படிக்கப் படிக்க எனக்கு வியர்த்தது. அத்தனையும் இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய அதே தவறுகள். வாக்கியங்கள்கூடக் கிட்டத்தட்ட அவையேதான். அவருக்கு எழுத உட்கார்ந்த பதில் நீண்டுகொண்டே போயிற்று. அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். பாட்டின் பெயரை மாற்றி எழுதுவது, டிரம்மர் பெயரில் பிழை விடுவது போன்றவற்றைத் தொடப்போவதில்லை. அவற்றை யாராவது ஒரு வாசகர் ஐந்தே நிமிடத்தில் திருத்திவிடுவார், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒரு தடவை கேட்டதோடு தீர்ப்பு

கனடாவின் கோர்கட்ஸ் குழு 1998இல் வெளியிட்ட ‘அப்ஸ்க்யூரா’வை முதல்முறை போட்டபோது, யாரோ கிட்டாரைத் தரையில் தரதரவென்று இழுத்துப் போகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் பாட்டோடு நிறுத்திவிட்டு, ‘இவர்களுக்கு வாசிப்பே மறந்துவிட்டது’ என்று எழுதினேன். சில மாதங்கள் கழித்து, ஏதோ வேலையாக இருந்தபோது என் விரல்கள் மேசையில் ஒரு கோணல் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. எங்கே கேட்டது என்று தேடிப்போனால் அதே ஆல்பம்.

இந்த இசையில் காது பழகுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கேட்பது வெறும் இரைச்சல். பிறகு டிரம் தனியாகப் பிரிகிறது. அதற்கும் பிறகுதான் டிஸ்டார்ஷனுக்குள் (கிட்டார் ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைப்பது) புதைந்திருக்கும் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, கேட்கத் தொடங்குகிறது. பேஸ் கிட்டார் கடைசி. முதல் படியில் நின்றுகொண்டு நான்காம் படியைப் பற்றி எழுதினால் அபத்தமாகத்தான் இருக்கும். வெவ்வேறு நாள்களில் மூன்று முறையாவது கேளுங்கள். அதில் ஒரு முறையாவது வேறு எந்த வேலையும் செய்யாமல் கேளுங்கள்.

‘ஒலிப்பதிவு மோசம்’

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த இரண்டு சொற்கள்தான். எழுதுபவர் எதைச் சொல்கிறார் என்று பெரும்பாலும் அவருக்கே தெரியாது. வேண்டுமென்றே அப்படிப் பதிவு செய்தார்களா, கைமீறிப் போய் அப்படி அமைந்ததா, அல்லது நன்றாக இருந்ததைப் பிற்காலத்தில் வேறொருவர் கெடுத்தாரா? மூன்றும் வேறு வேறு குற்றச்சாட்டுகள். முதலாவது குற்றமே இல்லை.

பிளாக் மெட்டல் குழுவான டார்க்த்ரோனை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் வந்த ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ நான்கு ஒலித்தடங்கள் மட்டுமே பதியும் எளிய ரெக்கார்டரில் வீட்டுப் பதிவாக உருவானது. கிட்டார் ஈசல் கூட்டம்போல ரீங்கரிக்கிறது, பேஸ் இருப்பதே தெரியாது. வசதி இல்லை, பாவம் என்று நினைப்பவர்கள் அவர்களுடைய முதல் ஆல்பமான ‘சோல்சைட் ஜர்னி’யைக் (1991) கேட்டதில்லை. அது ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவானது; கனமும் தெளிவும் உள்ள டெத் மெட்டல் (உறுமல் குரலும் கனத்த கிட்டாரும் கொண்ட மெட்டல் வகை). நல்ல ஸ்டுடியோ எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பி வந்தவர்கள் அவர்கள். ஒரே ஆள் நடத்திய பர்சமின் ‘ஃபிலோசஃபெம்’ கதை இன்னும் பிடிவாதமானது. 1993இல் பதிவாகி 1996இல் வெளியான அந்த ஆல்பத்துக்கு, இருப்பதிலேயே மட்டமான மைக் எது என்று கேட்டு வாங்கி, ஒரு ஹெட்செட் மைக்கில் அவர் பாடியிருக்கிறார். கிட்டாரை முறையான ஆம்ப்ளிஃபயரில் சேர்க்காமல் வீட்டு ஸ்டீரியோவில் சேர்த்திருக்கிறார். இதற்குப் ‘பதிவு மோசம்’ என்று எழுதுவது, கரிக்கோட்டு ஓவியத்தில் வண்ணம் இல்லை என்று குறை சொல்வதைப் போன்றது.

கைமீறிப் போனதற்கும் உதாரணம் உண்டு. சஃபோகேஷன் குழுவின் ‘பிரீடிங் தி ஸ்பான்’ (1993) மங்கிக் குழம்பிய ஒலிக்காகவே பேர்போனது. அதன் பாட்டுகள் சிலவற்றைப் பிந்தைய ஆல்பங்களில் அவர்களே மறுபடி பதிவு செய்தார்கள். இங்கே ‘மோசம்’ என்று தாராளமாக எழுதலாம். கார்கஸ் குழுவின் முதல் ஆல்பம் (1988) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் ஒலியில் குழுவுக்கே திருப்தி இல்லை. ஆனால் பிபிசி வானொலித் தொகுப்பாளர் ஜான் பீலுக்கு அந்த ஆண்டில் மிகவும் பிடித்த ஆல்பம் அதுதான்.

இனி மூன்றாவது வகை. எனக்குக் கைக்காசு செலவானது இதில்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு டெத் மெட்டல் ஆல்பத்தின் சிடி என்னிடம் இருந்தது. மெருகேற்றிய புதிய பதிப்பு என்று ரீமாஸ்டர் ஒன்று வந்ததும் அதை வாங்கிக்கொண்டு, பழையதை நண்பன் ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். புதியதைக் கேட்டுவிட்டு நீண்ட விமர்சனம் எழுதினேன். டிரம் அட்டைப்பெட்டி போல ஒலிக்கிறது, கிட்டார் மூச்சுத் திணறுகிறது, இதை மிக்ஸ் செய்தவருக்குக் காது இருந்ததா என்றெல்லாம் எழுதி, அந்த ஒலிப்பொறியாளரின் பெயரையும் குறிப்பிட்டு வைத்தேன். ஒரு வாசகர் ஒரே வரியில் கேட்டார்: ‘எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள்?’ நான் கொஞ்சம் திமிராகவே பதில் சொன்னேன். ஆனால் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. நண்பன் வீட்டுக்குப் போய் என் பழைய சிடியை இரவல் கேட்டேன். ‘கேட்டுவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடு’ என்றான்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டதில், முதல் அரைமணி நேரம் புதியதே நன்றாக இருந்தது. காரணம் எளிது: அது உரக்க ஒலித்தது. உரத்த ஒலியை நல்ல ஒலி என்று நம்புவது காதின் பழைய பலவீனம். சத்தத்தைக் குறைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. இரட்டை பேஸ் டிரம் தொடங்கும் ஓர் இடம். புதிய பதிப்பில் ஒவ்வோர் உதைக்கும் கிட்டார் அமுங்கி, மறுபடி எழுந்து, மறுபடி அமுங்குகிறது, மாடிப்படி ஏறி வந்தவருக்கு மூச்சு வாங்குவதுபோல. சிம்பல்கள் ‘ஷ்ஷ்’ என்று ஒரே இரைச்சலாகக் கரைந்துவிட்டன. பழையதில் அதே இடத்தில் குச்சியின் நுனி சிம்பலில் படுவது தனியாகக் கேட்கிறது. ஸ்நேர் டிரம்மின் அடி விழுந்து அடங்குவதற்கு நேரம் இருக்கிறது. கணினியில் அலைவடிவத்தைத் திறந்து பார்த்தேன். பழையது மலைத்தொடர், புதியது செங்கல்.

நடந்தது இதுதான். மற்ற சிடிக்களைவிடத் தங்களுடையது உரக்க ஒலிக்க வேண்டும் என்ற போட்டியில், மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையில் உள்ள வீச்சை, மிக்ஸ் முடிந்த பின் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் மாஸ்டரிங் கட்டத்தில் நசுக்கிவிடுகிறார்கள். பிளாஸ்ட் பீட் எனப்படும் அதிவேக டிரம் அடியும் இரட்டை பேஸ் டிரம்மும் இடைவிடாமல் அடிக்கும் இசையில் அந்த நசுக்கல் முதலில் கொல்வது டிரம்மை. மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னெடிக்’ 2008இல் வந்தபோது இதைக் கண்டுபிடித்தவர்கள் கேட்பவர்களே: அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ வீடியோ விளையாட்டில் சிடியைவிடத் தெளிவாகக் கேட்டன, ஏனென்றால் அங்கே போனது அந்த அளவுக்கு நசுக்கப்படாத வடிவம். மார்பிட் ஏஞ்சலின் ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ (1989) ஆல்பத்தை, நசுக்காத முழு ஒலிவீச்சோடு என்று விளம்பரப்படுத்தி, அதை வெளியிட்ட இயர்ஏக் நிறுவனமே பின்னாளில் தனிப்பதிப்பாக மறுபடி விற்றது. ஆக, விற்பவர்களுக்கும் விஷயம் தெரியும்.

என் விமர்சனத்தில் திட்டு வாங்கிய ஒலிப்பொறியாளர் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை. திருத்தம் எழுதினேன், முதலில் எழுதியதைப் படித்தவர்களில் பாதிப் பேர்கூட அதைப் படித்திருக்க மாட்டார்கள். இரவல் சிடியை எனக்கே விட்டுக்கொடுக்க நண்பன் மறுத்துவிட்டான். அதே பழைய பதிப்பைப் பல மடங்கு விலை கொடுத்து, உறை கிழிந்த நிலையில், பழைய சிடி விற்கும் ஒருவரிடம் வாங்கினேன்.

இன்று இந்த வலை இன்னும் பெரியது. இணையத்தில் பாட்டுக் கேட்கும் சேவைகளில் ஆல்பத்தின் பெயரும் பழைய ஆண்டும் இருக்கும். ஒலிப்பது ரீமாஸ்டராக இருக்கலாம். முழு ஆல்பமே மாறிப்போவதும் உண்டு. டிம்மு போர்கிர் குழுவின் ‘ஸ்டோர்ம்ப்ளோஸ்ட்’ 1996இல் வந்தது. 2005இல் அதே பெயரில், வேறு டிரம்மரோடு, மறுபடி பதிவாகி வந்தது. ‘தொண்ணூறுகளிலேயே இவ்வளவு துல்லியமான டிரம் பதிவா!’ என்று வியந்த ஒருவரின் விமர்சனத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு என் அட்டைப்பெட்டி நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

‘எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது’

சில நேரம் அது உண்மை. ஆனால் எழுதுமுன் ஒன்று செய்து பாருங்கள்: குரலை மறந்துவிட்டு டிரம்மை மட்டும் பின்தொடருங்கள். உறுமல் குரலில் சுரம் ஏறி இறங்காததால், குரலைப் பிடித்துக்கொண்டு போகும் காதுக்கு எல்லாமே சமவெளிதான். மேடு பள்ளம் எல்லாம் வேகம் மாறும் இடங்களில் இருக்கிறது.

குழுவைப் பற்றி விசாரிக்காமல் புகழ்வது

நேபாம் டெத்தின் ‘ஸ்கம்’ (1987) ஆல்பத்தில் ‘குழு முழுவதும் ஒரே மூச்சில் வாசித்திருக்கிறது’ என்று எழுதினேன். அந்த இசைத்தட்டின் முதல் பக்கத்தில் வாசித்தவர்கள் வேறு, இரண்டாம் பக்கத்தில் வேறு. இரண்டிலும் இருப்பவர் டிரம்மர் மிக் ஹாரிஸ் ஒருவரே.

‘பழைய பாடகர்தான் உண்மையான பாடகர்’

கனிபல் கார்ப்ஸ் குழுவில் பாடகர் மாறியது 1995இல். இன்னும் பழையவரையே பேசிக்கொண்டிருந்தது போதும்.

ஆளும் ஆல்பமும்

மேலே சொன்ன பர்சமுக்குப் பின்னால் இருப்பவர் கொலைக்காக 1994இல் தண்டனை பெற்றவர். அதைக் குறிப்பிட வேண்டும் என்றால் நேராகக் குறிப்பிடுங்கள். கேட்க மாட்டேன் என்று முடிவு செய்தால் அதையும் சொல்லுங்கள். அந்தக் குற்றத்தை ஆல்பத்துக்கு ‘இருண்ட வசீகரம்’ சேர்க்கும் மசாலாவாகத் தூவாதீர்கள்.

நூற்றுக்கு 87 மதிப்பெண்

88 ஏன் இல்லை?

நீளத்தைக் குறையாக எழுதுவது

ஸ்லேயரின் ‘ரெயின் இன் பிளட்’ (1986) மொத்தமே 29 நிமிடம். ‘ஆல்பம் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது’ என்று நானும் ஒருகாலத்தில் எழுதியிருக்கிறேன். கேசட்டாக வந்தபோது அந்த 29 நிமிடத்தையும் இரண்டு பக்கத்திலும் முழுதாகப் பதிந்து விற்றார்கள். முடிந்ததும் திருப்பிப் போட்டால், மறுபடி முதல் பாட்டு.