ஃபர்னிஷ்டு வீடு எடுக்கிறீர்களா? முதலில் கட்டிலுக்கு அடியில் பாருங்கள்

மேடவாக்கத்தில் நான் எடுத்த முதல் ஃபர்னிஷ்டு வீட்டில் கட்டிலுக்கு மூன்று கால்தான். நாலாவது கால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு செங்கல்லை அடுக்கி, அது தெரியாதபடி போர்வையைத் தரைவரை தொங்கவிட்டிருந்தார்கள். வீடு பார்க்கப் போன அன்று தண்ணீர் வருகிறதா, காற்று வருகிறதா என்றெல்லாம் பார்த்தேன். போர்வையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பத்து மாதம் கழித்துக் காலி செய்தபோது, “நல்ல கட்டிலை உடைச்சிட்டீங்களே தம்பி” என்று அட்வான்ஸில் 8,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். செங்கல் முதலிலிருந்தே இருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை.

சண்டை வருவது காலி செய்யும் நாளில். தவறு நடப்பது சாவி வாங்கும் நாளில். “கட்டில் 1, சோபா 1, பீரோ 1” என்று எழுதிய தாளில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். எத்தனை பொருள் என்று அதில் இருக்கிறது, எந்த நிலையில் என்று இல்லை. “சோபா: இடது கைப்பிடியில் ரெக்சின் ஒரு சாண் உரிந்திருக்கிறது. பீரோ: கீழ்த்தட்டு ஈரத்தில் உப்பியிருக்கிறது. மெத்தை: நடுவில் குழி” என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கே ஒரு வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள், தேதியோடு இருக்கும். மெத்தையின் ஓரத் தையல் மடிப்பை விலக்கிப் பாருங்கள். சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். பீரோவைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்தால் கரையான் மண்கோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டம், வீட்டுக்காரர் கொடுத்த மேசை நாற்காலிகளையும் ‘கட்டடம்’ என்பதற்குள் சேர்த்திருந்தது. 2019 பிப்ரவரியில் அதன் இடத்துக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று ஓர் அட்டவணையே போட்டிருக்கிறது. வெள்ளையடிப்பதும் வயரிங்கும் வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷரும் சுவிட்சும் கதவுப் பூட்டும் குடியிருப்பவருக்கு. கட்டில், மெத்தை, சோபா பற்றி அதில் ஒரு வரி இல்லை. அதனால் ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதிக்கொள்வதுதான் உங்களுக்குத் துணை. அந்த ஒப்பந்தத்தை, இந்தச் சட்டத்தின்படி அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். 11 மாதம்தானே, பதிவு எதற்கு என்பது பழைய காலத்து நினைப்பு.

சரி, குடிபோன பிறகு கட்டில் ஆட ஆரம்பிக்கிறது. போனில் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். “அடுத்த வாரம் ஆசாரியை அனுப்புறேன்” என்ற பேச்சுக்கு ஆறு மாதம் கழித்து எந்த அடையாளமும் இருக்காது. போட்டோவோடு எழுதி அனுப்புங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்துவது இன்னும் மோசம். இரண்டு மாத பாக்கி ஏறி, கேட்டு நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாமல் விட்டால், அதையே காரணம் காட்டி உங்களைக் காலி செய்ய வைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. சோபா பிரச்சினை பின்னால் போய்விடும், நீங்கள் பாக்கிக்காரர் ஆகிவிடுவீர்கள்.

பழைய சோபாவை மொட்டை மாடியில் போட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்குகிறவர்களும் உண்டு. ஒரு மழை போதும், அது குப்பையாகிவிடும். அப்புறம் அதற்கு விலை கேட்டால் மறுக்க முடியாது. வீட்டுக்காரரிடமே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவர் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் கழித்துப்போட்ட சாமான்களை அடைத்துவைத்து, ஃபர்னிஷ்டு என்று வாடகையைக் கூட்டுவது நியாயமில்லை. ஆறு வருஷத்து மெத்தைக்குப் புது மெத்தை விலையைப் பிடிப்பது அதைவிட அநியாயம். உபயோகத்தில் வரும் இயல்பான தேய்மானத்தைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது. அட்வான்ஸையும், நியாயமாகப் பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, காலி செய்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

காலி செய்யும் நாளில் லாரி கிளம்பும் அவசரத்தில் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரோடு ஒவ்வொரு பொருளாகப் பார்த்து, அதே தாளில் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு நாள் முன்பே ஃப்ரிட்ஜை அணைத்து, துடைத்து, கதவைத் திறந்தே வைத்துவிடுங்கள். மூடிவைத்தால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும், அதற்கும் ஒரு தொகை போடுவார்கள்.