பாய்லர் பிரஷர் அடிக்கடி இறங்குகிறதா? தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்

இங்கிலாந்து வீடுகளில் காம்பி பாய்லரின் (ஹீட்டிங்குக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒரே பாய்லர்) பிரஷர் இறங்கினால் பலரும் அடியில் இருக்கும் ஃபில்லிங் லூப்பை, அதாவது மெயின் தண்ணீரை ஹீட்டிங்குக்குள் விடும் சின்னக் குழாயைத் திறந்து தண்ணீரை ஏற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். வருடத்தில் ஒன்றிரண்டு தடவை என்றால் சரி. வாரா வாரம் ஏற்ற வேண்டியிருந்தால் தயவுசெய்து அப்படியே விடாதீர்கள். ரேடியேட்டர்களில் சுற்றுவது அதே பழைய தண்ணீர்தான், துருப்பிடிக்காமல் இருக்க அதில் இன்ஹிபிட்டர் கலந்திருக்கும்; புதுத் தண்ணீர் சேரச் சேர அது நீர்த்துப்போகும், கூடவே வரும் ஆக்சிஜன் இரும்பை உள்ளிருந்தே அரித்து, கருப்புச் சேறாகி, கடைசியில் பம்ப் வரைக்கும் கெடுத்துவிடும்.

ஹீட்டிங் அணைந்து ஆறியிருக்கும்போது பாய்லரில் பிரஷரைக் காட்டும் கேஜ் 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். சூடானால் 2 பக்கம் போகலாம், தப்பில்லை. சமீபத்தில் ரேடியேட்டரில் காற்று எடுத்திருந்தால் பிரஷர் இறங்கத்தான் செய்யும், ஒருமுறை ஏற்றிவிட்டுப் பொறுத்துப் பாருங்கள். ஏற்றும்போது பாய்லர் ஆறியிருக்கட்டும், குழாயை மெதுவாகத் திறங்கள், முடிந்ததும் இரண்டு பக்க வால்வையும் இறுக மூடுங்கள்.

அப்புறம் ஹீட்டிங்கைப் போட்டுவிட்டு கேஜைக் கவனியுங்கள், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். சூடாகும்போது முள் கிடுகிடுவென்று 3 வரை ஏறி, ஆறியதும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றால் எக்ஸ்பான்ஷன் வெசல் மேல்தான் சந்தேகப்பட வேண்டும். சூடான தண்ணீர் விரியும், அதற்கு இடம் கொடுக்கத்தான் அந்த வெசலுக்குள் ஒரு ரப்பர் தடுப்பும் அதன் பின்னால் காற்றும் வைத்திருக்கிறார்கள். காற்று போய்விட்டால் தண்ணீருக்குப் போக இடமில்லை, 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாய் வழியாகக் கொட்டிவிடும். ஹீட்டிங் ஓடாதபோது அந்தக் குழாய் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு மறுநாள் பாருங்கள், தண்ணீர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வரலாம், கையைக் கீழே வைக்காதீர்கள். ஒருமுறை திறந்த வால்வு அழுக்கு சிக்கிச் சரியாக மூடாமல் போவது சகஜம், அதனால் வெசலுக்குக் காற்று ஏற்றுகிறவரிடம் வால்வையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முள் அப்படித் துள்ளவில்லையா? ரேடியேட்டர்களைப் பாருங்கள். சூடான குழாயில் சின்னக் கசிவு கண்ணில் படுவதற்குள் காய்ந்துவிடும், ஆகவே ஆறிய பிறகு ஒவ்வொரு வால்வின் கழுத்தையும் டிஷ்யூ பேப்பரால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். செம்பில் பச்சைக் கறை, வெள்ளைப் படிவு, தரையில் துரு, கீழ்த்தளத்துக் கூரையில் மஞ்சள் வட்டம், இதெல்லாம் தடயம்தான்.

எதுவும் அகப்படவில்லை என்றால் பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, அடியில் ஹீட்டிங்குக்குப் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இரண்டின் வால்வையும் மூடி இரவு முழுக்க விடுங்கள் (இறுகிப்போன பழைய வால்வென்றால் மல்லுக்கட்டாதீர்கள், மூடியிருக்கும்போது பாய்லரைப் போடவும் கூடாது). காலையில் கேஜ் இறங்கியிருந்தால் கோளாறு பாய்லருக்குள். அணைத்து வைத்த பாய்லரின் வெள்ளைக் கண்டென்சேட் குழாயில் (புகையிலிருந்து குளிர்ந்து வடியும் நீரை வெளியேற்றும் குழாய்) அப்போதும் சொட்டிக்கொண்டே இருந்தால் தண்ணீரைச் சூடாக்கும் பாகமான ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இருக்கலாம், பழைய பாய்லரில் அதற்குச் செலவழிப்பதைவிட மாற்றுவதே மேல் என்பது என் கருத்து. கேஜ் அப்படியே நின்றால் கசிவு பாய்லருக்கு வெளியே ஓடும் ஹீட்டிங் குழாய்களில், அநேகமாகத் தரைக்கடியில். தரையை உடைக்கும் முன் வீட்டு இன்சூரன்ஸில் ‘ட்ரேஸ் அண்ட் ஆக்சஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள், கசிவைத் தேடித் திறக்கும் செலவை அது ஏற்கும். கசிவை உள்ளிருந்தே அடைக்கும் லீக் சீலர் திரவத்தை ஊற்றுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாய்லரின் மூடியை மட்டும் நீங்கள் கழற்றவே வேண்டாம், அது கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்யச் சட்டப்படி தேவையான பதிவு) பதிவு உள்ளவரின் வேலை. அடையாள அட்டையின் பின்பக்கத்தில் அவருக்கு எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். கேஸ் வாடை அடித்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே வந்து 0800 111 999.

இங்கிலாந்தில் வாடகை வீடு என்றால் 1985ஆம் ஆண்டு லாண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி பொதுவாக ஹீட்டிங்கைச் சரிசெய்ய வேண்டியது லாண்ட்லார்ட். ஃபோனில் சொல்வதோடு விடாமல், தேதியோடு கேஜை ஃபோட்டோ எடுத்து ஈமெயிலில் அனுப்புங்கள்.